சர்க்கரை இறங்கிவிட்டது, கால் மரப்பு ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு 56 வயது. குடியாத்தத்தில் கைத்தறி நெய்கிறேன். பீடிப் பழக்கம் உண்டு. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பல ஆண்டுகள் சரியாகக் கவனிக்கவில்லை. இப்போது ஓராண்டாக மூன்று மாதச் சர்க்கரை அளவு 7-க்குள் இருக்கிறது. ஆனாலும் பாதம் மரத்துப்போகிறது, வலது தோளைத் தூக்க முடியவில்லை. உடம்பில் ஏ.ஜி.இ. என்ற ஒன்று சேர்ந்துவிட்டது, அதைக் கரைக்க மாத்திரை இருக்கிறது என்கிறார் உறவினர். வாங்கலாமா? வறுவலையும் பிரியாணியையும் அடியோடு விட வேண்டுமா?

பதில்: மாத்திரையை வாங்காதீர்கள் ஐயா. உங்கள் உடலில் ஏ.ஜி.இ. சேர்ந்திருக்கும் என்பது சரிதான். அதைக் கரைக்கும் மாத்திரை என்று நிரூபிக்கப்பட்ட எதுவும் கிடையாது. ஏ.ஜி.இ. உருவாவதைத் தடுக்க அமினோகுவானிடின் என்ற மருந்தை மனிதர்களிடம் சோதித்தார்கள்; அது நோயாளிகளின் கைக்கு வராமலே நின்றுபோனது.

சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேரும்போது பழுப்பு நிறம் வருகிறது. கல்லில் தோசை சிவப்பது இப்படித்தான். மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் விவரித்த வினை இது. உடலின் வெப்பத்திலும் இதே வினை நடக்கிறது, ஆனால் மிக மெதுவாக. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்க இருக்க, புரதங்களில் அது ஒட்டி, நாளடைவில் பிரிக்க முடியாத பிணைப்பாக இறுகுகிறது. அந்த இறுகிய பொருள்களைத்தான் சுருக்கமாக ஏ.ஜி.இ. என்கிறோம்.

நீங்கள் எடுக்கும் மூன்று மாதப் பரிசோதனையும் ரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். பழையவை அழிந்து புதியவை வருவதால், நீங்கள் ஒழுங்காக இருந்தால் சில மாதங்களிலேயே எண் இறங்கிவிடும். தோல், தசைநாண், மூட்டுறை, ரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் அப்படியல்ல. அது பல ஆண்டுகள் மாறாமல் இருக்கும். கவனிக்காமல் விட்ட காலத்தில் ஒட்டியது அங்கே இன்னும் இருக்கிறது. கொலாஜன் இழைகளை அது ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குகிறது. செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் சேர்ந்து அழற்சியையும் தூண்டுகிறது. விழித்திரை, சிறுநீரகம், நரம்பு மூன்றும் கெடுவதில் இதற்குப் பங்கு உண்டு. உயர்ந்த சர்க்கரை வேறு வழிகளிலும் அவற்றைத் தாக்குகிறது.

ஒன்று செய்து பாருங்கள். இரு உள்ளங்கைகளையும் வணக்கம் சொல்வதுபோல் கூப்புங்கள். விரல்கள் முழுதாக ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால், கை மூட்டுகளிலும் இந்த விறைப்பு வந்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகுவது மற்றவர்களைவிட அதிகம். அதற்கு இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கட்டுப்பாட்டுக்கு வந்தும் பலனில்லையே என்று மனம் தளர வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தினர், மறுபிரிவினர் வழக்கமான சிகிச்சையில் இருந்தனர். ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அப்படியிருந்தும், ஆய்வுக் காலத்தில் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கண், சிறுநீரகப் பாதிப்பு குறைவாகவே இருந்தது. இரண்டாம் வகை நோயாளிகளிடமும் பிரிட்டன் ஆய்வு இதையொத்த பலனைக் காட்டியது. இந்த ஓராண்டில் நீங்கள் காத்ததும் அப்படியே கணக்கில் சேரும்.

மரப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அதனாலும் கால் மரத்துப்போகும். இது சரிசெய்யக்கூடிய குறை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், முதலில் பி12 பரிசோதனை செய்யுங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற பரிசோதனை, சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை இரண்டும் ஆண்டுக்கொரு முறை கட்டாயம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எண்ணெயில் பொரிப்பதும் தணலில் சுடுவதும் ஏ.ஜி.இ.யைக் கூட்டும், நீரில் வேகவைப்பதும் புளி, எலுமிச்சை சேர்ப்பதும் குறைக்கும். ஆம்பூர் பிரியாணியில் கறி பெரும்பாலும் ஈரச் சூட்டில் வேகிறது. அங்கே உங்களுக்குப் பகை அரிசியின் அளவுதான். ஒரு கரண்டியோடு நிறுத்தினால் எப்போதாவது சாப்பிடலாம். பக்கத்தில் வைக்கும் வறுவலைத் தள்ளிவையுங்கள். ஆற்காடு மக்கன் பேடா பொரித்துப் பாகில் ஊறியது, வேண்டவே வேண்டாம். உணவிலுள்ள ஏ.ஜி.இ.யில் சிறு பகுதியே உடலில் சேர்கிறது. ஆகவே ரத்தச் சர்க்கரையைக் காப்பதே முதல் வேலை. பீடியை மட்டும் இன்றே விடுங்கள். புகையிலைப் புகையிலும் இதே பொருள்கள் இருக்கின்றன, ரத்தக்குழாயையும் அது சுருக்குகிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் பாதம். தறியின் மிதிகட்டையை வெறுங்காலால் அழுத்துகிறீர்கள் என்றால், எங்கே உரசுகிறது என்று கால் இனி உங்களுக்குச் சொல்லாது. தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு உணர்ச்சியின்மையே முக்கியக் காரணம் என்பதைத் தன் அனுபவத்தில் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னவர் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். அந்தப் பாடம் பின்னர் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கும் வந்தது. எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு வாங்குங்கள், வீட்டுக்குள்ளும் போடுங்கள். மாலையில் போய் அளவு பாருங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்து, சிவப்போ கொப்புளமோ இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.