வீடு ஸ்பெயினில், கேள்வி திருப்பூரிலிருந்து

ஐரோப்பாவில் இரண்டாவது வீடு வாங்குவது பற்றிக் கொங்கு மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்நியச் செலாவணி விவகாரங்களைக் கவனிக்கும் ஆடிட்டரும் வழக்கறிஞரும் இணைந்து தரும் பதில்கள்.

பனியன் ஏற்றுமதி செய்கிறோம். ஏற்றுமதி வருவாயை வெளிநாட்டுப் பணமாகவே வைக்கும் கம்பெனியின் இ.இ.எஃப்.சி. கணக்கில் யூரோவாகவே பணம் இருக்கிறது. அதிலிருந்தே ஸ்பெயினில் வலென்சியா பக்கம் 2 லட்சம் யூரோவுக்கு ஃபிளாட் வாங்கலாமா? இல்லை, சரக்கு வாங்கும் பையரையே அங்கே நேராகக் கட்டச் சொல்லி, பில்லில் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருப்பூர்

இரண்டாவதை இன்றோடு மறந்துவிடுங்கள். சரக்கு போன பில்லுக்கு உரிய பணம் வங்கி வழியாக இந்தியாவுக்கு வந்தாக வேண்டும். வராத தொகை வங்கிப் பதிவில் உங்கள் பெயரில் நிலுவையாகவே நிற்கும். அது வெளிநாட்டில் வீடாக மாறியது தெரிந்தால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். அதே மதிப்புக்கு இங்குள்ள சொத்தை அமலாக்கத் துறை முடக்கவும் முடியும்.

முதல் யோசனையிலும் ஒரு தடை உண்டு. அந்த யூரோ கம்பெனியுடையது, உங்களுடையது அல்ல. சம்பளமாகவோ டிவிடெண்டாகவோ பார்ட்னர் பங்காகவோ எடுத்து, வரி போக உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்த பிறகுதான் அது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் வெளியே போக முடியும். இந்தத் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு ஒருவர் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். கம்பெனி, பார்ட்னர்ஷிப், கூட்டுக் குடும்பக் கணக்கு எதற்கும் இடமில்லை. மனைவி, பெற்றோர் பங்கையும் சேர்க்கலாம். ஆனால் பணம் அனுப்புகிறவர் பெயர் அங்கே பத்திரத்தில் உடைமையாளராக ஏறுவதுதான் பாதுகாப்பு. பெயர் ஏறாமல் மனைவியின் வரம்பை மட்டும் பயன்படுத்துவதை வங்கிகள் ஏற்பதில்லை. கணக்கு ஓராண்டு பழையதாக இருப்பது நல்லது. பணம் அனுப்ப வங்கியில் தரும் ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்0005, அதாவது வெளிநாட்டு அசையாச் சொத்து. இதை விட்டுவிட்டு ‘குடும்பப் பராமரிப்பு’ என்று எழுதி அனுப்பினால் பின்னால் விற்றுப் பணத்தைக் கொண்டுவரும்போது கணக்கு ஒட்டாது. இப்படி அனுப்புவதற்காக வங்கி உங்களுக்குக் கடன் தரவும் கூடாது.

இப்போது கையில் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். கணக்குக்காக 1 யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடு 2 லட்சம் யூரோ. பழைய வீட்டுக்கான சொத்து மாற்று வரி ஸ்பெயினில் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். 10 சதவீதம் என்று எடுத்தால் 20,000 யூரோ. நோட்டரி, பதிவு, வக்கீல் செலவுக்கு 5,000 ஒதுக்குங்கள். ஆக 2.25 லட்சம் யூரோ, 2.25 கோடி ரூபாய். கணவனும் மனைவியும் பாதிப் பாதி அனுப்பினால் ஆளுக்கு 1.125 கோடி. ஒருவருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் வரை டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் முன்வரி) கிடையாது. அதற்கு மேல் 20 சதவீதம். ஆக ஒருவருக்கு 20.5 லட்சம், இருவருக்கும் 41 லட்சம் வங்கியிலேயே பிடித்துக்கொள்வார்கள். புறப்படும்போது கையில் 2.66 கோடி இருக்க வேண்டும்.

இந்த 41 லட்சம் செலவல்ல, வரியில் கழிகிற தொகை. பெரிய அளவில் முன்பண வரி கட்டுகிறவர் அடுத்த தவணையைக் குறைத்துக் கட்டினால் போதும். வருமானம் குறைவான மனைவியின் பெயரில் பிடித்தது ரீஃபண்டாகத்தான் வரும். அதனால் அவர் பங்கை மார்ச்சில் அனுப்புவது நல்லது. அந்த ஜூலையிலேயே ரிட்டர்ன் போட்டுவிடலாம். ஏப்ரலில் அனுப்பினால் ஒரு வருடத்துக்கு மேல் பணம் முடங்கும். மனைவிக்கு நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பணமென்றால், அந்த வீட்டு வாடகை உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

தென்னந்தோப்பை வித்த காசு இருக்குதுங்க. கிரீஸில் வீடு வாங்கினால் தங்க விசா கிடைக்கும், கேபிடல் கெயின்ஸும் கட்ட வேண்டாம் என்கிறார் புரோக்கர். நம்பலாமுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

பாதியை நம்பலாம். தோப்பு நகராட்சி எல்லையிலிருந்து மக்கள்தொகைக்கு ஏற்ப 2, 6, 8 கிலோமீட்டர் வரம்புக்கு வெளியே இருந்தால் அது கிராமப்புற விவசாய நிலம், மூலதன ஆதாய வரியே இல்லை. வரம்புக்கு உள்ளே இருந்தால் வரி உண்டு. அதை வீடு வாங்கித் தவிர்க்கலாம் என்ற சலுகை இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டும்தான். ஏதென்ஸ் வீட்டைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாக வாங்கியிருந்தால் அந்த ரொக்கம் இந்தப் பயணத்துக்கு உதவாது. இங்கே வங்கி பத்திரத்தைக் கேட்கும். அங்கே நோட்டரியும் வக்கீலும் பணம் வந்த வழியைக் காகிதத்தோடு கேட்பார்கள்.

விசா விஷயம் இப்படி. வீடு வாங்கினால் வசிப்பு அனுமதி தரும் ‘தங்க விசா’ வழியைப் போர்ச்சுகல் 2023 அக்டோபரிலும் ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியும் மூடிவிட்டன. பழைய துண்டுப் பிரசுரத்தைக் காட்டி இன்னும் ஆள் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரீஸில் திறந்திருக்கிறது, விலைதான் ஏறிவிட்டது. ஏதென்ஸ் அடங்கிய அட்டிகா, தெசலோனிக்கி, மிகோனோஸ், சாண்டோரினி, 3,100 பேருக்கு மேல் வாழும் தீவுகள் ஆகிய இடங்களில் 8 லட்சம் யூரோ. மற்ற இடங்களில் 4 லட்சம். இரண்டுக்குமே அது ஒரே சொத்தாகவும் குறைந்தது 120 சதுர மீட்டராகவும் இருக்க வேண்டும். வணிகக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றியது, பாரம்பரியக் கட்டடத்தைப் புதுப்பித்தது என்றால் 2.5 லட்சம். புரோக்கர் சொல்வது பெரும்பாலும் இந்த 2.5 லட்சத்தைத்தான். மாற்றும் வேலை விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அனுமதி 5 ஆண்டு, வீட்டை வைத்திருக்கும் வரை புதுப்பிக்கலாம். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அந்த வீட்டை ஏர்பிஎன்பி போல நாள் வாடகைக்கு விட்டால் 50,000 யூரோ அபராதம், அனுமதியும் போகும். 4 லட்சம் யூரோவும் மேல்செலவும் தம்பதியின் 5 லட்சம் டாலரை ஒட்டியே வரும், தாண்டவும் செய்யலாம். அதனால் பலர் மார்ச்சில் ஒரு தவணை, ஏப்ரலில் ஒரு தவணை என்று இரண்டு நிதியாண்டு வரம்பைப் பயன்படுத்துகிறார்கள். அது சரியான வழிதான்.

ஐரோப்பாவில் சொந்த வீடு இருந்தால் விசா இல்லாமல் போய்வரலாமா?
– வாசகர், ஈரோடு

வீடு மட்டும் இருந்தால் முடியாது. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த முறையில், எல்லையில் கைரேகையைச் சரிபார்த்து முகப்படமும் எடுத்துக் கணினியே நாள் எண்ணுகிறது. ஒரு ஆறுதல்: மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியருக்கு, இரண்டு ஆண்டுப் பல்நுழைவு விசா தரும் முறை 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

ஆண்டுக்கு ஆறு வாரம் போய்த் தங்குவதுதான் நோக்கம் என்றால், எங்கள் கணக்கில் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

ஸ்பெயினில் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். அடிக்கடி போக முடியாது. காகித வேலை எந்த வரிசையில் நடக்கும், எங்கே தடுக்கும்?
– வாசகி, கோவை

முதலில் தடுப்பது பெயர். நம் ஊரில் இனிஷியல் வைத்த பெயர்தான் வழக்கம். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக இருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். பான் அட்டையில் முன்பின் மாறியிருக்கும், வங்கியில் வெறும் இனிஷியல். ஸ்பெயின் வெளிநாட்டவர் எண்ணான என்.ஐ.இ. பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் கிடைக்கும். கோவையிலிருந்து போகும் பணம் வேறு எழுத்தில் போனால் அங்கே நிற்கும், திரும்பியும் வரலாம். எனவே பாஸ்போர்ட், பான், வங்கி மூன்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்த பிறகு வீடு தேடுங்கள்.

அடுத்து வக்கீல். விற்பவரோ புரோக்கரோ காட்டும் வக்கீல் வேண்டாம். நீங்களே தேர்ந்தெடுத்த வக்கீலுக்குப் பவர் பத்திரம் கொடுத்துவிட்டால் என்.ஐ.இ. வாங்குவது முதல் கிரையக் கையெழுத்து வரை அவரே பார்ப்பார். வாசகத்தை அவரே ஸ்பானிஷ், ஆங்கிலம் இரு பத்தியாக எழுதி அனுப்பட்டும். இங்கே நோட்டரி முன் கையெழுத்து, மாநில அரசுச் சான்று, பிறகு வெளிநாட்டில் ஏற்கத்தக்கதாக்கும் வெளியுறவு அமைச்சக முத்திரையான அப்போஸ்டில் என்ற வரிசையில் போக வேண்டும். பவரில் ‘இந்தச் சொத்து, இந்த விலைக்கு மேல் இல்லை’ என்று எல்லை போடுங்கள். பொதுப் பவர் கொடுத்துவிட்டு அவதிப்படும் கதை இங்கேயே போதுமான அளவு இருக்கிறது.

நம்மூர் வில்லங்கச் சான்றின் வேலையை அங்கே செய்வது ‘நோட்டா சிம்ப்ளே’. சொத்துப் பதிவகத்தில் சுமார் 10 யூரோவுக்குக் கிடைக்கும். உடைமையாளர், அடமானம், ஜப்தி எல்லாம் அதில் தெரியும். முன்பணத்துக்கு முன் ஒருமுறை, கிரையத்தன்று ஒருமுறை எடுக்க வேண்டும். நடுவில் அடமானம் ஏறியிருக்கலாம். பதிவகத்தில் உள்ள பரப்பும் நில வரிப் பதிவேடான ‘கடாஸ்ட்ரோ’வில் உள்ள பரப்பும் பல வீடுகளில் ஒத்துப்போகாது. அனுமதியில்லாமல் கட்டிய அறை, நீச்சல் குளம் வெளியே தெரிவது அங்கேதான். கிராமப்புறத் தோட்ட வீட்டில் இது அதிகம். சில பகுதிகளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர் கிராமப்புறச் சொத்து வாங்க ராணுவ அனுமதியும் வேண்டும்.

‘அர்ராஸ்’ என்ற முன்பண ஒப்பந்தம் வழக்கமாக விலையில் 10 சதவீதத்துக்குப் போடப்படும். நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போகும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். 30 நாளில் மீதியைத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இங்கே வங்கி கேள்வி கேட்க ஆரம்பித்ததும் கெடு தாண்டிவிடும். 75 அல்லது 90 நாள் கேளுங்கள். அதற்காக முன்கூட்டியே மொத்தப் பணத்தையும் அனுப்பி வைத்துக்கொண்டு நிதானமாக வீடு தேடவும் கூடாது. அனுப்பிய பணம் 180 நாளுக்குள் சொத்தில் போகவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

கிரையத்தன்று பார்க்க வேண்டியவை இரண்டு. அடுக்ககச் சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற சான்று: இந்த ஆண்டும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் உள்ள பாக்கி வீட்டோடு உங்கள் தலையில் விழும். அடுத்து, விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்றால் விலையில் 3 சதவீதத்தை நீங்கள் பிடித்து ஒரு மாதத்துக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த வரிக்கு வீடே ஈடாக நிற்கும்.

லாரித் தொழில். அரசு நிர்ணயித்த அளவில் லாபம் காட்டும் அனுமான வருமான முறையில், வருமான வரி ரிட்டர்ன் படிவம் ஐ.டி.ஆர்.-4 போடுகிறேன். வெளிநாட்டு வீட்டை அதில் எங்கே காட்டுவது?
– வாசகர், நாமக்கல்

அந்தப் படிவத்தில் காட்ட முடியாது, அந்தப் படிவத்தையே போடவும் கூடாது. அனுமான முறையைத் தொடரலாம், ஆனால் ஐ.டி.ஆர்.-3-க்கு மாற வேண்டும். அதில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலான எஃப்.ஏ. அட்டவணையில் வீட்டையும் அங்குள்ள வங்கிக் கணக்கையும் எழுதுங்கள். அது ஏப்ரல்–மார்ச் கணக்கல்ல, ஜனவரி–டிசம்பர் கணக்கு. வாடகை ஒரு பைசா வராவிட்டாலும் எழுத வேண்டும். விட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 20 லட்சத்துக்குள் இருந்தால் அபராதம் இல்லை என்ற சலுகையில் வீடும் நிலமும் சேராது.

வீட்டை வாடகைக்கு விட்டுச் செலவைச் சரிக்கட்ட முடியுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

சுற்றுலா வாடகையை நம்பி வாங்காதீர்கள். ஸ்பெயினில் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட, 2025 ஏப்ரலிலிருந்து அடுக்ககச் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும். பார்சிலோனா 2028 நவம்பரோடு சுற்றுலா ஃபிளாட்களையே நிறுத்தப் போவதாக அறிவித்திருக்கிறது. பிரான்ஸில் எரிசக்திச் சிக்கனத்தில் கடைசித் தரமான ‘ஜி’ வாங்கிய வீட்டை 2025 முதல் குடியிருப்பு வாடகைக்குப் புதிதாக விட முடியாது. 2028-இல் ‘எஃப்’ தரத்துக்கும் அதே கதி.

காலியாகப் பூட்டி வைத்தாலும் ஸ்பெயினில் வரி உண்டு. அண்மைக் காலத்தில் திருத்திய அரசு மதிப்பு 80,000 யூரோ என்றால் அதில் 1.1 சதவீதமான 880 யூரோவை வருமானமாகக் கொண்டு 24 சதவீதம், சுமார் 211 யூரோ. இந்தியாவிலும் பாருங்கள்: சொந்த உபயோகம் என்று இரண்டு வீட்டுக்குத்தான் வரி விலக்கு. உடுமலையில் ஒன்று, கோவையில் ஒன்று இருந்தால் அங்குள்ளது மூன்றாவது. வராத வாடகைக்கு இங்கே வரி விழும்.

இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு தருகிறார்களாமே?
– வாசகர், கரூர்

சிசிலியின் சம்புகா, முசோமெலி போன்ற ஊர்களில் தந்தார்கள், உண்மை. கூரை இடிந்த வீடுகள் அவை. பிணைத்தொகை கட்டி, குறித்த ஆண்டுக்குள் புதுப்பித்து முடிக்க வேண்டும். செலவு பல பத்தாயிரம் யூரோவைத் தொடும். அதற்கும் முன்னால், அங்கே வசிக்காத ஐரோப்பியர் அல்லாதவர் வாங்க இத்தாலி பரஸ்பர நிபந்தனை (உங்கள் நாட்டில் இத்தாலியர் வாங்க முடிந்தால்தான் நீங்கள் இங்கே வாங்கலாம் என்பது) வைத்திருக்கிறது. இந்தியருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அங்குள்ள நோட்டரியிடம் எழுத்தில் வாங்காமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

எங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அந்த வீடு சிக்கலில்லாமல் போக என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

அந்த வீட்டுக்கு மட்டும் தனி உயில், அந்த நாட்டு நோட்டரி முன். ஸ்பெயின், பிரான்ஸ் சட்டத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. 2015 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், ‘என் குடியுரிமை நாட்டுச் சட்டப்படி’ என்று உயிலில் தேர்ந்தெடுத்து எழுத இடமிருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே எழுதும் உயிலில் ‘இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து’ என்ற வழக்கமான வாசகம் அந்த உயிலையும் அடித்துவிடும், கவனம். ஸ்பெயினில் வாரிசு வரிக் கணக்கை இறந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்.ஐ.இ. எண், வக்கீல் விலாசம், உயில் நகல் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும்.