மெசினை நிறுத்தியது கொலையா?

கேள்வி: மோட்டார் சைக்கிளில் விழுந்த தம்பிக்கு மூளைச்சாவு என்று புதன் இரவு சொன்னார்கள். வியாழன் காலை "மெசினை நிறுத்தலாமா?" என்று கேட்டு, ஆங்கிலப் படிவம் ஒன்றில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அப்போதும் அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கொன்றேன் என்கிறார் பெரிய மாமா. அம்மா என்னோடு பேசுவதே இல்லை. சட்டப்படி நான் செய்தது பிழையா?
- ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இல்லை, தங்கச்சி. பிழையே இல்லை.

மாமா கோமாவையும் மூளைச்சாவையும் ஒன்றாக்குகிறார். மும்பையில் அருணா ஷான்பாக் என்ற தாதி 42 வருடம் நினைவின்றிப் படுக்கையில் கிடந்தார், ஆனால் தானாகவே மூச்சு விட்டார். அவருக்கு மூளைச்சாவு இல்லை என்றுதான் 2011இல் இந்திய உச்ச நீதிமன்றமும் சொன்னது. தம்பியின் நிலை வேறு. மூளைச்சாவை உறுதிசெய்ய கண்ணில் வெளிச்சம் அடிப்பார்கள், மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம் ஒட்சிசனை மட்டும் கொடுத்துக்கொண்டு மெசினைக் கழற்றி, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறியும் ஒரு மூச்சாவது இழுக்கிறாரா என்று நிமிடக்கணக்கில் காத்து நிற்பார்கள். இதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை, ஒட்சிசன் கிடைக்கும்வரை அது தன்பாட்டில் துடிக்கும். நெஞ்சை ஏற்றி இறக்கியது மெசின்.

சட்டத்திலும் குழப்பமில்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காக இலங்கையில் வந்த 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், மூளையின் செயல்கள் மீளாமல் நின்றால் அது மரணம் என்று ஏற்கிறது.

எனக்குக் கோபம் அந்தக் கேள்வியில்தான். "தம்பி இறந்துவிட்டார், இனி மெசினைக் கழற்றப்போகிறோம், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "நிறுத்தலாமா?" என்று கேட்டால், விறாந்தை வாங்கில் இரவு முழுக்க விழித்திருந்த அக்காவின் தலையில் அந்தச் சாவு விழாமல் வேறென்ன செய்யும்? மருத்துவம் தன் வேலையைச் செய்தது, சட்டமும் தெளிவாக இருந்தது, அறம் தவறியது அந்த ஒரு சொல்லில். படிவத்தையாவது தமிழில் தந்திருக்கலாம். தமிழை அரசகரும மொழியாக்கிய 13ஆவது திருத்தமும் அதே 1987இல் வந்ததுதான், திருகோணமலையில் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறதே என்பது வேதனை.

சரி, இப்போது அம்மா. மாமாவோடு வாதாடப் போகாதீர்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாளைச் சொல்லுங்கள்: தம்பி போனது புதன் இரவு, நீங்கள் கையெழுத்து வைத்தது வியாழன் காலை.