“மேசையில் இருக்கும்போதுதான் எதையாவது சரியாகச் செய்கிறேன்”

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 29. திருகோணமலை உப்புவெளியில், மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் வசிக்கிறோம். மாமியும் அதே வளவில்தான் இருக்கிறார். நான் நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மகளுக்குப் பதினைந்து மாதம் ஆகிறது.

பள்ளிக்கூட நாட்களிலிருந்தே கணினியின் உள்ளுறுப்புகளில் எனக்குப் பெரும் பிரியம் உண்டு. கடற்காற்றால் ராம் எனும் நினைவகச் சில்லின் தொடுமுனைகளில் படியும் அழுக்கை அழிறப்பரால் துடைத்து, உயிரற்றுக் கிடந்த மதர்போட்டை, அதாவது கணினியின் தாய்ப்பலகையை, மீண்டும் இயங்கச் செய்வதும், பவர் சப்ளையைத் திறந்து மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகளில் வீங்கியவற்றை மாற்றுவதும் வீட்டில் ஒரு மேசை போட்டு நான் அலுக்காமல் செய்யும் வேலைகள். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் மின் நின்றாலும் கணினியைச் சற்று நேரம் இயக்கும் யூ.பி.எஸ்களை அயலவர்களுக்குத் திருத்தப் பழகினேன். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசொவ்ட் நிறுத்தியபின், புதிய கணினி வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதால் மாலை வேலை இன்னும் கூடியிருக்கிறது. உதிரிப்பாகச் செலவு அந்த வருமானத்திலிருந்தே போகிறது. அது மனைவிக்கும் தெரியும்.

சென்ற மாதம் மகளின் உள்ளங்கையில் மதர்போட்டுக்குப் போடும் வட்டப் பற்றரி ஒன்று இருந்ததை மாமி கண்டார். அவள் விழுங்கவில்லை. பற்றரிகளை நான் மூடியுள்ள டப்பாவில்தான் வைப்பேன். அதை யார் திறந்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “மேசையா பிள்ளையா என்று நீங்களே முடிவு செய்யுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பிள்ளையில் பாசம் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அவள் பிறந்தபோது எங்கள் நிறுவனத்தில் தந்தைக்கென்று விடுப்பு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் கிழமையே வேலைக்குப் போய்விட்டேன். இப்போது அவள் அழும்போது தூக்கினால் அழுகை கூடுகிறது. உடனே மாமி, “தாங்கோ தம்பி, நான் பார்க்கிறன்” என்று வாங்கிவிடுகிறார், அழுகையும் நின்றுவிடுகிறது. மேசையில் இருக்கும்போதுதான் நான் எதையாவது சரியாகச் செய்கிறேன் என்ற உணர்வு வருகிறது. எல்லாவற்றையும் விற்றுவிட்டால் வீட்டில் அமைதி வருமா? தயவுசெய்து ஆலோசனை கூறவும்.

பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.

*

அன்புத் தம்பிக்கு,

விற்க வேண்டாம். விற்ற மறுநாளும் பிள்ளை அழும், மாமி வாங்குவார், நீங்கள் போய் உட்கார ஒரு மேசையும் இருக்காது.

ஆனால் பற்றரியைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனெனில் அந்த விடயத்தில் உங்கள் மனைவியின் அச்சம் சிறிதும் மிகையானதல்ல. 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள அந்த லிதியம் பற்றரி சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் தங்கினால், அதன் மின்னோட்டம் ஈரமான திசுவில் காரத்தை உண்டாக்கி, இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே கடுமையாக எரித்துவிடக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மேசையில் வேறு ஆபத்துகளும் உண்டு. மின்பலகையில் உறுப்புகளை ஒட்ட நீங்கள் உருக்கும் பற்றவைக்கும் கம்பி (சோல்டர்) ஈயம் கலந்ததாக இருந்தால், ஈயம் புகையைவிடக் கையிலும் தூசியிலும்தான் பிள்ளையிடம் வந்து சேரும். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. திறந்து வைத்த பவர் சப்ளையின் பெரிய கொள்ளளவியில், செருகியைக் கழற்றிய பின்னும் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். டப்பாவை யார் திறந்தார்கள் என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளையுள்ள வீட்டில் மூடி காவலாகாது, பூட்டுத்தான் காவல். மேசை, பூட்டக்கூடிய கதவுள்ள இடத்துக்கு மாறட்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சட்டையையும் மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தொடுங்கள். இதை மனைவி சொல்லிச் செய்ததாக இல்லாமல் இந்தக் கிழமையே நீங்களாகச் செய்வது, பேச்சு மீண்டும் தொடங்க உதவும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். மேசையில் இருக்கும்போதுதான் எதையாவது சரியாகச் செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையை விட்டு மேசைக்கு ஓடும் தந்தை என்று வீட்டார் உங்களைப் பார்க்கிறார்கள். எனக்கோ, பிள்ளையிடம் தனக்கு வேலை இல்லை என்று பதினைந்து மாதமாகக் கேட்டுக்கேட்டு மேசையில் போய் ஒதுங்கிய ஒருவர் தெரிகிறார். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான் என்பதால் உங்கள் மனைவி தவறாக விளங்கிக்கொண்டதில் வியப்பில்லை.

நம் பக்கத்தில் மருமகன் பெண் வீட்டில் வந்து வாழ்வது வழமை. அதனால் தாய்க்குத் தன் தாயின் துணை கிடைக்கிறது. துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள் வரை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக்கறியும் குளிப்பாட்டலும் குறைவில்லாமல் நடக்கின்றன. இது பெரிய கொடை, அதில் ஐயமில்லை. ஆனால் அதே ஏற்பாட்டில் இளம் தகப்பனுக்கு வேலை எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. சட்டம் தாய்க்கு 84 வேலை நாட்கள் விடுப்புத் தருகிறது. அந்த நாட்களில் உங்கள் மனைவி தவறித் தவறிக் கற்றார், அருகில் அனுபவமுள்ள தாயும் இருந்தார். உங்களுக்குக் கிடைத்தது இரண்டு கிழமைகூட இல்லை. பிள்ளையைத் தேற்றும் திறன் பெண்ணுடலோடு பிறப்பதல்ல, திரும்பத் திரும்பச் செய்து வருவது. உங்கள் கையில் அழுகை கூடுவதற்கு, அந்தக் கை பிள்ளைக்கு இன்னும் பழகவில்லை என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை, பழகுவதற்குள் வாங்கிவிடுகிறார்கள். 1999இல் அலன், ஹோக்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தாய்மார் செய்யும் வாயிற்காவல் என்ற கருத்தால் விளக்கினார்கள். தகப்பன் செய்வதைத் திருத்துவதும் தானே எடுத்துச் செய்வதும் கூடக்கூட, அவர் பின்வாங்குகிறார். பின்வாங்கியதைக் கண்டதும் காவல் இன்னும் இறுகுகிறது. உங்கள் வீட்டு வாயிலில் இரண்டு பேர் நிற்கிறார்கள், இருவரும் அன்பினால்தான் நிற்கிறார்கள்.

மதர்போட்டில் ஒரு ராமைக் கழற்றிப் போட்டுப் பார்த்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஊறிய மனம், இருபது நிமிடம் காரணமின்றி அழும் பிள்ளையின் முன் தோற்றுவிட்டதாக எண்ணுகிறது. அழுகைக்கு எப்போதும் காரணம் கிடைக்காது. காரணம் கிடைக்காமலே தூக்கி வைத்திருப்பதும் ஒரு வேலை. நீங்கள் இதுவரை செய்ய வாய்க்காத வேலை அதுதான்.

ஆகவே பிள்ளையின் ஒரு வேலையை முழுவதுமாக உங்களுடையதாக எடுங்கள். மாலைக் குளிப்பாட்டலோ, இரவில் நித்திரைக்கு வைப்பதோ, எதுவானாலும் ஒன்று போதும். ஆனால் ஆரம்பம் முதல் முடிவு வரை நீங்களே செய்ய வேண்டும், இடையில் கைமாறக் கூடாது. உதவி செய்கிறேன் என்று சொல்லாதீர்கள். உதவியாளரிடமிருந்து பிள்ளையை வாங்க எல்லோருக்கும் உரிமை உண்டு. முதல் நாட்களில் அழுகை வழமையைவிடக் கூடும் என்பதை மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாமியிடம் நேரே வாதாட வேண்டாம். மனைவி வழியாக, “இந்த ஒரு மணித்தியாலம் அவரிடமே பிள்ளை இருக்கட்டும் அம்மா” என்று சொல்லவைப்பது மரியாதையாகவும் இருக்கும், பலிக்கவும் செய்யும். குளிப்பாட்டும் வழி தெரியாவிட்டால் மாமியிடமே ஒருமுறை கேட்டுப் படியுங்கள். கற்றுக்கொடுத்தவர் குறுக்கிடுவது குறைவு.

திருத்த வரும் கணினிகளை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஏற்காதீர்கள். ஊரார் அடுத்த நாள் வருவார்கள். பிள்ளை உறங்கியபின் மேசைக்குப் போவதில் யாருக்கும் குறை இருக்காது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். நித்திரையின்மை, எதிலும் விருப்பமின்மை, எரிச்சல் ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால், அல்லது மேசை வேலையும் இனிக்காமல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பிள்ளை பிறந்தபின் தகப்பன்மாருக்கும் அது வருவதுண்டு. அப்படியானால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை மனைவிக்கு வாசிக்கக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுத்தால், அவரும் எனக்கு எழுதலாம் என்று சொல்லுங்கள்; அவருடைய பக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை.