வாசகர் கேள்வி: இலவச மாத்திரைக்கு ‘பவர்’ கிடையாதா?

கேள்வி: அம்மாவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார். தம்பி சென்னையிலிருந்து வரும்போதெல்லாம், “அதுல பவரே இருக்காது, மெடிக்கல்ல வாங்கு” என்று சண்டை போடுகிறான். அவன் சொல்வது நிஜமா?
(வாசகி, விளாத்திகுளம்)

பதில்: உங்கள் தம்பி புதிதாக எதையும் சொல்லவில்லை, பல வீடுகளில் கேட்ட பேச்சுதான். ஒரு காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. எண்பதுகளில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பவுண்டர் கேட்கிற முதல் கேள்வியே “பாட்டில் கொண்டாந்தியா?” என்பதுதான். ரோஸ் கலரில் ஒரு மிக்ஸர் ஊற்றுவார், டப்பாவிலிருந்து உதிரி மாத்திரைகளை எண்ணிப் பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்பார், வீட்டுக்கு வந்து பிரித்தால் பாதி பொடியாகியிருக்கும். எந்தக் கம்பெனி, எப்போது காலாவதி என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கினவருக்கும் தெரியாது.

அது மாறியது 1994-95-இல். மருந்து வாங்குவதற்கென்றே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற நிறுவனத்தை அரசு 1994 ஜூலையில் தொடங்கியது, அடுத்த ஜனவரியில் அது வேலையை ஆரம்பித்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், அதனால் விலை குறைந்தது. கம்பெனிக்காரர் மருந்தை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது, மாவட்டக் கிடங்கில்தான் இறக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயர் தெரியாதபடி ஒரு ரகசிய எண் கொடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே வரும். அப்புறம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒரு பாஸ்புக் உண்டு, ‘இந்த வருஷம் உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து’ என்று. எடுக்க எடுக்கக் கழியும். கேட்டால் சாதாரணக் கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும், ஆனால் கேரளாவும் ராஜஸ்தானும் பின்னால் இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

அம்மாவின் பையில் இருக்கிற மெட்ஃபார்மின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி, கூடவே அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்ற முத்திரை எல்லாம் இருக்கும். பக்கத்தில் 500 என்று போட்டிருக்கிறதே, அதுதான் தம்பி தேடுகிற பவர். மெடிக்கலில் வாங்கினாலும் அதே 500 மில்லிகிராம்தான். சர்க்கரை இறங்கவில்லை என்றால் மூன்று மாதச் சராசரியைப் பார்த்து டாக்டர் அளவை மாற்றுவார், அதற்காகக் கடையை மாற்ற வேண்டியதில்லை.

சரி, குறையே இல்லையா என்றால், இருக்கிறது. என் மாமியாருக்கு ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது நாளுக்கு எழுதிக்கொடுத்து, “ஸ்டாக் இல்லம்மா, பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க” என்று பாதி அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். மறுபடி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. கோபப்பட வேண்டியது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். அம்மாவால் நடக்க முடியவில்லை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள், பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

கேள்வி: முதல்வர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கும்போது பேசாமல் தனியாருக்கே போய்விடலாமே, அரசு ஆஸ்பத்திரி எதற்கு?
(வாசகர், ஆத்தூர்)

பதில்: நாய் கடித்தால் அந்த அட்டையை எங்கே நீட்டுவீர்கள்? அது படுக்கையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கானது, அதிலும் பட்டியலில் இருக்கிற சிகிச்சைக்கு மட்டும். காய்ச்சல், தடுப்பூசி, மாதாந்திர மாத்திரை இதெல்லாம் அதில் வராது, வெறிநாய்க்கடி ஊசியை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிறார்கள். இந்தக் காப்பீடு 2009-இல் கலைஞர் காப்பீடாக வந்தது, 2012-இல் முதலமைச்சரின் பெயரில் புது வடிவம் எடுத்தது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பை 2022-இல் 1,20,000 ஆக உயர்த்தினார்கள். பெரிய ஆபரேஷனுக்குக் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அதே அட்டையை அரசு ஆஸ்பத்திரியிலும் காட்டலாம், காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வந்து சேரும். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சாலை விபத்து என்றால் அட்டையே வேண்டாம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது.

கேள்வி: முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை மூன்றாவது பிரசவத்துக்கும் உண்டா?
(வாசகி, அரூர்)

பதில்: கிடையாது, முதல் இரண்டுக்குத்தான். 1987-இல் 300 ரூபாயாக ஆரம்பித்தது, இப்போது 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய்க்குச் சத்துணவுப் பெட்டகங்களும். கர்ப்பமான பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் பழைய டயரில் தண்ணீர் நின்றதற்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். சுகாதாரத் துறைக்கு ஊசி போடுகிற வேலையா, போலீஸ் வேலையா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: இரண்டும்தான். 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது, இந்தியாவிலேயே முதலில். தண்ணீர், சாக்கடை, கொசு, திருவிழாக் கூட்டம் எல்லாவற்றிலும் தலையிட சுகாதார அலுவலருக்கு அதில் அதிகாரம் இருக்கிறது. பல மாநிலங்களில் ஆஸ்பத்திரியையும் இந்த வேலையையும் ஒரே இயக்குநரகம் பார்க்கிறது, ஆஸ்பத்திரியின் அவசரத்தில் சாக்கடை மறந்துபோகும். இங்கே பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம், தனி அலுவலர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தார்கள், குடிநீரில் குளோரின் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள், பெரிய தொற்று எதுவும் பரவவில்லை. பரவாத நோய் பேப்பரில் வராது என்பதால் அவர்களுக்குப் பாராட்டும் கிடைக்கவில்லை.

டயரை எடுத்துவிடுங்கள். மனசு வரவில்லை என்றால் அடியில் நாலு ஓட்டையாவது போடுங்கள்.