கறுப்பு தேய்ந்த பெடலுக்கு நிக்கல் பூச்சு வேண்டாம்

கேள்வி: திருவான்மியூரில் இருக்கிறேன். போன வருடம் செகண்ட் ஹேண்டில் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். மேனுவல் கியர். மூன்று பெடலும் கறுப்பு நிற உலோகம். கிளட்சிலும் பிரேக்கிலும் நடுவில் கறுப்பு தேய்ந்து வெள்ளி நிறம் தெரிகிறது. ஸ்க்ரூக்களைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ரப்பர் குமிழ்கள் நாலைந்து காணவில்லை, மழை நாளில் கால் வழுக்குகிறது. பஃபிங் போட்டு நிக்கல் பிளேட்டிங் செய்தால் புதுசாகிவிடும் என்கிறார் டிங்கரிங் கடைக்காரர். கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் ஒரு பெடல் செட் வாங்கிப் பழையதன் மேலேயே மாட்டிவிடு என்கிறார் நண்பர். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

பதில்: பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். கடைக்காரர் சொன்னதும் வேண்டாம், நண்பர் சொன்னதும் வேண்டாம். நிறம் போனதைப் பிறகு பார்க்கலாம். மழையில் கால் வழுக்குகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் பெடல் கண்ணாடி மாதிரி மின்னும். ஈரச் செருப்போடு அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது அந்த வழவழப்பு உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். நிக்கல் இன்னொரு தலைவலி. அலுமினியத்தின் மேல் நிக்கல் நேராக ஒட்டாது, அடியில் துத்தநாகம் கொடுத்துத் தயார்செய்ய வேண்டும். அதில் கொஞ்சம் ஏனோதானோ என்று இருந்துவிட்டால் ஷூ உரசும் ஓரத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும். உரிந்த இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அடியிலிருக்கும் அலுமினியம் முன்பைவிட வேகமாக அரிபடும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இந்த வேலைக்குப் பணம் கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

எந்த கார் என்று எழுதவில்லை. பரவாயில்லை, உலோகம் எது என்று தெரிந்தால் போதும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் முலாம் பூசிய இரும்பு, அல்லது எவர்சில்வரில் காந்தம் பிடிக்கும் வகை. பிடிக்காமல் வெள்ளைப் பொடியும் பூத்திருந்தால் அலுமினியம். ஓரத்தில் முலாம் உரிந்து உள்ளே கறுப்பாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் அது வெறும் பிளாஸ்டிக். 'மெட்டல் பெடல்' என்ற பெயரில் அதுவும் வருகிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்களுடையது கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினியம்தான்.

அனோடைசிங் என்பது பெயிண்ட் மாதிரி மேலே பூசுவதல்ல. அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி மூடிவிடுவார்கள். நல்ல கறுப்பு அனோடைசிங்கே 20, 25 மைக்ரான்தான் வரும், தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. அது உறுதியான தோல், ஆனால் மெல்லிய தோல். பெசன்ட் நகர் பீச்சிலிருந்தோ ஈசிஆரிலிருந்தோ ஷூவில் ஒட்டிக்கொண்டு வரும் மணல், அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினமானது. ஒவ்வொரு கிளட்ச் மிதிக்கும் அது எமரி பேப்பராக உரசுகிறது. தோல் ஓரிடத்தில் கிழிந்துவிட்டால் அடியிலிருக்கும் மெத்தென்ற உலோகம் சீக்கிரமே தேயும்.

தோல் எங்கே இருக்கிறது, எங்கே போய்விட்டது என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. அதற்கு, மின்சாரம் பாய்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டர் போதும், ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதே போதும். பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் பெடலின் மேல் மெதுவாக வையுங்கள். கீறக் கூடாது. அனோடைசிங் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் அது இருக்கும் இடத்தில் மீட்டர் வாயைத் திறக்காது. வெறும் அலுமினியமாகிவிட்ட இடத்தில் பீப் அடிக்கும். ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை இப்படித் தொட்டுத் தொட்டு வந்தால் சேதத்தின் எல்லை முழுசாகத் தெரிந்துவிடும். கறுப்பு மங்கியிருந்தும் மீட்டர் பேசவில்லை என்றால் அங்கே சாயம்தான் வெளுத்திருக்கிறது. அதைத் தேய்க்கவே வேண்டாம்.

ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையாகப் பூப்பதற்குக் காரணம் வேறு. எவர்சில்வர் ஸ்க்ரூவும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழைக்கால ஷூ என்பது சுலபமான பதில். கார்ப்பெட்டுக்கு அடியிலும் கைவிட்டுப் பாருங்கள். சென்னையில் ஏசி ஓடாத நாளே கிடையாது. அதன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் கால்வைக்கும் இடத்தில்தான் வந்து தேங்கும். கைக்குத் தட்டுப்படுவது தண்ணீராக இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்து, அது கிளட்ச் பெடலின் தண்டு வழியே இறங்கியிருந்தால், சுத்தம் செய்யும் வேலையை அப்படியே நிறுத்துங்கள். கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. அது மெக்கானிக்கின் வேலை.

இனி வேலைக்கு வருவோம். இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கால்மிதி மேட்டை வெளியே போடுங்கள். ஸ்க்ரூ போட்ட பெடல் தகடுகளை மட்டும் கழற்றுங்கள். தண்டைத் தொட வேண்டாம். ஸ்க்ரூ இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெயைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள், ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டர் பெடலோடு பெரும்பாலும் எலக்ட்ரானிக் சென்சார் இருக்கும், பிரேக் தண்டின் மேலே பிரேக் லைட் ஸ்விட்ச் இருக்கும். இரண்டுமே தண்ணீரையும் எண்ணெயையும் விரும்பாதவை. ஆக்சிலரேட்டர் தகடு தனியாக வரவில்லை என்றால் அதை வண்டியிலேயே, பிழிந்த துணியால் துடைப்பதோடு விட்டுவிடுங்கள்.

கழற்றிய தகடுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பூ கலந்து ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் துளைகளைத் தேயுங்கள். அழுக்கில் முக்கால்வாசி இதிலேயே போய்விடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து துருப் புள்ளிகளாகும். பாத்ரூம் கழுவும் ஆசிட், அடைப்பு நீக்கும் காஸ்டிக் இரண்டும் கிட்டவே வரக் கூடாது. காஸ்டிக் பட்டால் மிச்சமிருக்கும் அனோடைசிங்கும் நிமிடங்களில் கரைந்துவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரியான புளியும் இங்கே வேண்டாம். வெள்ளைப் பொடியை ஒரு மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள்.

இப்போது தேய்ந்த இடம். இரண்டு வழி இருக்கிறது. அப்படியே விட்டுவிடுவது ஒன்று, மொத்தமாக மறுபடி அனோடைஸ் செய்வது இன்னொன்று. நடுவில் ஒட்டுப்போடுவது என்று எதுவும் இல்லை. கறுப்பு மார்க்கரும் ஸ்ப்ரே பெயிண்டும் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பவுடர் கோட்டிங் தாங்கும், ஆனால் மிதிக்கும் பரப்பில் வழுக்கும். என் கண்ணுக்கு, நேர்மையாகத் தேய்ந்த பெடல் அழகாகத்தான் இருக்கிறது. அப்படி விடுவதானால், வெள்ளி தெரியும் இடத்தை மட்டும் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரே திசையில் லேசாக இழுத்து, கரடுமுரடை ஒரு சீராக்குங்கள். 1000, 2000 என்று ஏறிப் போகாதீர்கள், அது பஃபிங் பக்கம் போகும் பாதை.

முழுக் கறுப்பாக வேண்டும் என்றால் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் விசாரியுங்கள். அனோடைசிங் யூனிட்காரர்கள் இரண்டு சின்னத் தகடுக்கென்று தனியாகத் தொட்டி போட மாட்டார்கள். வேறு கறுப்பு லோடு போகும்போது சேர்த்துப் போடச் சொல்லுங்கள். முதலில் கிளாஸ் பீட் (நுண்ணிய கண்ணாடி மணிகள்) அடித்துப் பளபளப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த மெல்லிய சொரசொரப்பு காலுக்கும் பிடிமானம். தொட்டியில் தொங்கவிட கிளிப் மாட்டும் இடத்தில் ஒரு தடம் விழும், அது பின்பக்கம் இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழி விழுந்திருந்தால் அனோடைசிங் அதை மூடாது, இன்னும் எடுப்பாகத்தான் காட்டும். தகடு வார்ப்பு அலுமினியமாக இருந்தால் அதிலுள்ள சிலிக்கானால் கறுப்பு திட்டுத்திட்டாகவோ சாம்பலாகவோ வரலாம். இதையும் யூனிட்டிலேயே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தகடு திரும்பி வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். வெறும் தண்டை மிதித்து ஓட்டுவது விளையாட்டல்ல.

ரப்பர் குமிழ்களில் சிக்கனம் வேண்டாம். விழுந்ததை மட்டும் போடாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையவை நாளடைவில் காய்ந்து இறுகியிருக்கும், அழுத்தினால் நகம் பதியாது. உங்கள் மாடலுக்குத் தனியாகக் கிடைக்காவிட்டால் முழுத் தகடாகவே கம்பெனியிடம் வாங்கிவிடுங்கள், அனோடைசிங் செலவும் மிச்சம். தனியாகக் கிடைத்தால், வாலில் சோப்புத் தண்ணீர் தொட்டு, துளையில் விட்டு, பின்பக்கமிருந்து குறடால் இழுத்தால் டப்பென்று உட்காரும். சூப்பர் குளூ வைக்காதீர்கள், அது மிதிபட மிதிபட நொறுங்கும். எல்லாம் முடிந்ததும் டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷை ஒரு சொட்டு பெடலுக்கும் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

நண்பர் சொன்ன செட்டைப் பற்றி: எல்லா காருக்கும் பொருந்தும் என்று விற்பவை பழைய பெடலின் மேல் கிளிப்பிலோ சின்ன ஸ்க்ரூவிலோ நிற்பவை. தளர்ந்து நகர்ந்தால் ஆபத்து, கழன்று பிரேக்குக்கு அடியில் உருண்டால் அதைவிட ஆபத்து. பிரேக்கின் உயரமும் கூடும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்திருப்பார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வாங்கும்போது கிலோமீட்டர் மீட்டர் என்ன காட்டியது? பெடல் இவ்வளவு தேய்ந்தும் குறைவாகக் காட்டியிருந்தால், மீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று சர்வீஸ் பதிவுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தினமும் ஓஎம்ஆர் நெரிசலில் ஊர்ந்த வண்டியாக இருந்தால் கிளட்ச் பெடல் சீக்கிரம் தேய்வது இயல்புதான், அதனால் முந்தைய ஓனரை உடனே சந்தேகிக்க வேண்டாம்.

மாட்டும்போது ஸ்க்ரூக்களைப் புதிதாகப் போட்டு, மரைக்கு, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீலநிற திரெட் லாக் பசை ஒரு சொட்டு விடுங்கள். சுலபத்தில் கழற்ற முடியாத சிவப்பு வேண்டாம். தகடு துளியும் ஆடக் கூடாது. மேட்டை வைத்து மூன்று பெடலும் முழுசாக இறங்கி, தானாக மேலே வருகிறதா என்று பாருங்கள். ஷூவின் அடியை நனைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடாதபோது பிரேக்கை அழுத்திப் பக்கவாட்டில் காலை நகர்த்திப் பாருங்கள். வழுக்கினால் குமிழ் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் ஒருவரை நிற்கவைத்து பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார்த்துவிட்டு, முதல் ஓட்டத்தை உங்கள் தெருவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.