அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கைக்குப் போன ஆண்டு பிறந்த பெண் குழந்தை இரண்டே நாளில் இறந்துவிட்டது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் ஓட்டை, குடல் நெஞ்சுக்குள் ஏறிவிட்டது என்றார்களாம். இப்போது அவளும் கணவரும் அந்த நோய் பற்றிய ஆராய்ச்சிக்காக நடைப்பயணம் போய் நிதி திரட்டுகிறார்கள். “போன பிள்ளையைச் சொல்லி உண்டியல் குலுக்குவதா?” என்று அம்மா அழுகிறார். அந்தப் பணத்தால் என்னதான் ஆகும்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நான் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த 1980-களில், இந்தக் குழந்தைகள் உடல் நீலம் பாரித்து, வயிறு ஒட்டிப்போய் வந்து சேர்வார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் குடல் இரைகிற ஓசை கேட்கும். இரவோடு இரவாக அறுவை செய்து ஓட்டையை அடைப்போம். விடிவதற்குள் சில குழந்தைகள் போய்விடும். குடல் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கருவிலேயே நுரையீரல் வளராமல் போயிருக்கும். அதற்குத் தையல் என்ன செய்யும்? முதலில் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்து, பிறகு கத்தியை எடு என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஆராய்ச்சிதான். அந்தப் பாடத்துக்கு முன்பு நான் அவசரப்பட்ட இரவுகளை இன்னும் மறக்கவில்லை.

நுரையீரலை வளரவைப்பதற்காக, கருவிலிருக்கும் குழந்தையின் மூச்சுக்குழாயில் 27 முதல் 29 வாரத்துக்குள் சிறு பலூன் வைத்து, 34-வது வாரத்தில் எடுக்கும் சிகிச்சையின் ஆய்வு முடிவு 2021-இல் வெளிவந்தது. இடப்பக்க ஓட்டையால் நுரையீரல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளில், பலூன் வைக்காதபோது நூற்றுக்குப் பதினைந்து பேர் பிழைத்தார்கள். வைத்தபோது நாற்பது பேர். குறைப்பிரசவ ஆபத்து கூடுதல்தான். எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று தெரியாமலேயே அந்த ஆய்வுக்குச் சம்மதித்தவர்கள் உங்கள் தங்கையைப் போன்ற தாய்மார்களே.

ஏறத்தாழ 3,000 பிரசவத்தில் ஒன்றில் வரும் நோய் இது. ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்துவிட்டால், தகுந்த வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். பிறந்ததும் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தக் கூடாது. அது குடலை ஊதச்செய்து நெஞ்சை இன்னும் அடைக்கும். இதைத் தெரிந்த ஒரு செவிலியர் பிரசவ அறையில் இருப்பதே பெரிய காரியம். பெற்றோர் வாய் திறந்து பேசுவதால் இந்தச் செய்தியும் பரவுகிறது.

பணம் எந்த ஆராய்ச்சிக்குப் போகிறது, கணக்கு வெளியிடுகிறார்களா என்று கேளுங்கள்; தங்கை தவறாக நினைக்க மாட்டாள்.

ஏப்ரல் 19 இந்த நோய்க்கான விழிப்புணர்வு நாள். அன்று அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் செய்யுங்கள். நடைப்பயணம் பற்றி விசாரியுங்கள். அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.