தண்டச்சோறு என்றே எழுதுங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். வயது 29. சென்னையில் பார்த்த வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. ஊரில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். விடிகாலை மூன்று மணிக்கே தூக்கம் கலைந்துவிடும், ஆனால் படுக்கையை விட்டு எழப் பதினொன்று ஆகும். குளிப்பதே பெரிய வேலையாகத் தெரிகிறது. இது மனச்சோர்வு என்று நானாகவே முடிவு செய்து, சிபிடி (எண்ணங்களையும் செயல்களையும் மாற்றி மனநிலையைச் சரிசெய்யப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சை) முறையில் சொந்தமாகச் செய்து பார்க்கும் ஆங்கிலப் பயிற்சித் தாள்களை மூன்று வாரமாக நிரப்பி வருகிறேன். ஒரு பக்கம் இதோ. சூழ்நிலை: நண்பன் வீட்டுப் பால்காய்ச்சுக்கு அழைப்பு. எண்ணம்: நான் ஒரு தோல்வி. உணர்ச்சி: சோகம், 80 சதவீதம். எதிர் ஆதாரம்: பட்டம் இருக்கிறது, நாலு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு சோகம்: 80 சதவீதம். எல்லாப் பக்கமும் இப்படியேதான். சில நாள் விடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அக்காவிடம் மட்டும் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். அப்பா, "எந்திரிச்சு நாலு இடத்துக்குப் போனா எல்லாம் சரியாயிரும்" என்கிறார். நான் செய்யும் விதம் தவறா, இந்த முறையே ஏமாற்றா?

அன்புள்ள தம்பி,

"விடியாமலே இருந்தால்" என்ற வரியைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த நினைப்பு வரும்போது 14416-ஐக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நினைப்பு "எப்படி" என்று யோசிக்கிற இடத்துக்குப் போனால் தாளையெல்லாம் மூடிவைத்துவிட்டு, அந்த நிமிடமே அக்காவிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுயஉதவி என்பதன் எல்லை அங்கே முடிந்துவிடுகிறது.

அப்படிப் போகாவிட்டாலும் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். மூன்று மணி விழிப்பும், குளிக்கக்கூட முடியாத அசதியும் எட்டு மாதக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் இருப்பார், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் இருந்தால் பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நான் 2014-இல் அப்படித்தான் போனேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெருக்காரர்! இருவரும் தலையை ஆட்டிக்கொண்டதோடு சரி. மாத்திரை எழுதினால் சாப்பிடுங்கள், தாளும் நிரப்புங்கள். ஒன்றுக்கொன்று பகை இல்லை.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். "நான் ஒரு தோல்வி" என்பது உங்களுக்குள் ஓடிய எண்ணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. நம் ஊரில் யாருடைய மண்டைக்குள்ளாவது அப்படி ஒரு வாக்கியம் ஓடுமா? ஆங்கிலத் தாள் கேட்டது, நீங்கள் அதன் பாஷையில் பதில் சொல்லிவிட்டீர்கள். பரீட்சையில் எழுதுவது போல.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நான் சொல்வது புரியும். இதை உருவாக்கிய ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபிராய்டு வழியில் உளப்பகுப்பாய்வு (மனதின் ஆழத்தில் புதைந்திருப்பதைப் பேச்சின் வழியே தோண்டிப் பார்ப்பது) செய்துகொண்டிருந்தவர். மனச்சோர்வு என்பது தன் மேலேயே திரும்பிய கோபம் என்ற கொள்கைக்கு ஆதாரம் தேடித்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபம் அகப்படவில்லை. இழப்பும் தோற்றுப்போவதுமாகவே கனவுகள் இருந்தன. அந்தக் காலத்தில் அவரிடம் வந்த ஒரு பெண் எதையும் மறைக்காமல் கடகடவென்று பேசுவார், ஆனால் பதற்றமாகவே இருப்பார். துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, வாய் ஒன்றைப் பேசும்போதே உள்ளே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது: டாக்டருக்கு நான் போரடிக்கிறேன். பெக் அவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்றார். சிபிடி பிடிக்கப் பார்ப்பது இவற்றைத்தான். குட்டியாக, கண நேரத்தில், பெரும்பாலும் அரை வாக்கியமாக வந்து போகும். நாம் யோசித்து எழுதும் தீர்ப்புகள் வேறு.

எனக்கு வந்தது "தண்டச்சோறு". அம்மா தட்டு வைத்ததும் வரும். முதலில் நானும் கௌரவமாக "பிறருக்குப் பாரமாக இருக்கிறேன்" என்றுதான் எழுதினேன், ஒன்றும் அசையவில்லை. ஒருநாள் எரிச்சலில் வந்ததை வந்தபடி எழுதினேன்: "தண்டச்சோறு. அம்மா மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் போடுறா." எழுதி முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அது என் சித்தப்பாவின் குரல். பத்தாவது படிக்கும்போது கேட்டது. இன்னொன்று, இரண்டாவது வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அம்மா அடுக்களையில்தான் இருக்கிறாள், போய்க் கேட்கலாம்.

கேட்டேன். "ஆமாடா, திட்டுனேன். ரசத்துல உப்பு இல்லைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே, முழுங்கிட்டுப் போறியேன்னு" என்றாள். அன்றைக்கு 80 என்பது 60 ஆனது. பூஜ்யம் ஆகவில்லை, பூஜ்யம் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

"தோல்வி" என்பதை இப்படி யாரிடமும் போய்க் கேட்க முடியாது. பட்டத்தையும் நாலு வருட அனுபவத்தையும் காட்டி அதோடு வாதாடினால் மனம் உங்களைவிடக் கெட்டிக்கார வக்கீல், ஜெயித்துவிடும். அதனால் ஒரு கட்டம் நிரப்பும்போது, அந்த நொடியில், எந்தச் சொல்லில், யார் குரலில் வந்ததோ அப்படியே எழுதுங்கள். கொச்சையாக இருந்தால் இருக்கட்டும். அப்புறம் அதில் சோதித்துப் பார்க்கக்கூடிய பகுதி எது என்று தேடுங்கள். "வேலை இல்லை" என்பதில் சோதிக்க எதுவும் இல்லை, அது உண்மை. அதற்கு விண்ணப்பம்தான் போட வேண்டும், எதிர் ஆதாரம் தேடக்கூடாது. "எவனும் இனிமே கூப்பிட மாட்டான்" என்பது வேறு. அது ஜோசியம்.

ஆனால் இதையெல்லாம் இந்த வாரமே செய்யச் சொல்ல மாட்டேன். சொன்னால் கோபம் வரலாம், உங்கள் அப்பா பாதி சரி. மனச்சோர்வு ஆழமாக இருக்கும்போது எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதைவிட உடம்பை அசைப்பதில் தொடங்குவது சுலபம். 1996-இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவரோடு இருந்தவர்களும் சிபிடியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். செயல்களைத் திட்டமிடும் பகுதியை மட்டும் பெற்றவர்களுக்கும் முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. நம் நாட்டிலும் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் செயல் பகுதியை மையமாக வைத்து ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். நடத்தியவர்கள் மருத்துவர்கள் கிடையாது, அதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்ட சாதாரண ஆட்கள். பலன் இருந்தது என்பதை 2017-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது.

அப்பா தவறுவது அளவில்தான். நாலு இடம் ரொம்ப அதிகம். காலையில் பால் பாக்கெட் வாங்கக் கடை வரைக்கும் போதும். எத்தனை மணிக்கு என்பதை முந்தின ராத்திரியே எழுதிவையுங்கள். ஆறரை முடியாதென்றால் ஒன்பது. போய் வந்ததும் இரண்டு எண் போடுங்கள்: செய்து முடித்த திருப்தி பத்துக்கு எத்தனை, சந்தோஷம் பத்துக்கு எத்தனை. முதல் வாரம் இரண்டும் ஒன்றைத் தாண்டாது. எனக்குப் பூஜ்யமாகவே இருந்தது. மனசு வந்ததும் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், இந்த நோயில் மனசு கடைசியில்தான் வரும்.

தனியாகத் தாள் நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுவார்கள். நானும் இரண்டு தடவை விட்டேன். சோர்வு கூடுதலாக இருப்பவர்களுக்கு, கொஞ்சமாவது ஒருவர் கூட இருந்து பார்க்கும் சுயஉதவிதான் நன்றாகப் பலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் பத்து நிமிடம் நோட்டைக் காட்டுங்கள். அவர் ஆலோசனை சொல்ல வேண்டாம், "பால் வாங்கப் போனியா" என்று கேட்டால் போதும். பிரிட்டனில் அதிகத் தீவிரமில்லாத மனச்சோர்வுக்கு சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு முதலில் பரிசீலிக்கச் சொல்வதே இப்படி வழிகாட்டுதலோடு செய்யும் சுயஉதவியைத்தான். அங்கே அந்த இடத்தில் பயிற்சி பெற்ற ஆள் இருப்பார், நமக்கு இப்போதைக்கு அக்கா.

பால்காய்ச்சுக்குப் போங்கள். அரை மணி நேரம், டிபன் முடிந்ததும் கிளம்பிவிடலாம். போவதற்கு முன்னால் நோட்டில் ஒரு எண் எழுதுங்கள்: "இப்ப என்ன பண்றே?" என்று எத்தனை பேர் கேட்பார்கள். பக்கத்தில், கேட்டால் என்ன நடக்கும் என்று உங்கள் மனம் சொல்வதை அதன் பாஷையிலேயே எழுதிவையுங்கள். திரும்பி வந்து சட்டையை மாற்றுவதற்குள் உண்மையில் எத்தனை பேர் கேட்டார்கள், என்ன நடந்தது என்று எழுதிவிடுங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்